இங்கிலாந்தில் எல்எல்பி: முதலாண்டில் மதிப்பெண் எங்கே போகிறது

இங்கிலாந்தில் எல்எல்பி எனும் சட்ட இளநிலைப் பட்டப் படிப்பில் 20 கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) பாடம் ஒன்றுக்கு 200 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதில் லெக்சர் இருபது மணி, சிறு குழு விவாத வகுப்பான டியூட்டோரியல் ஆறேழு மணி என வகுப்பறையில் கழிவது முப்பதைத் தாண்டுவது அரிது. மீதி 170 மணி நேரத்துக்கு யாரும் அட்டவணை போட்டுத் தருவதில்லை; வாசித்தாயா என்று கேட்பதும் இல்லை. சட்டம் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்ல, இந்த 170 மணி நேரத்தில்தான். பிளஸ் டூவில் 95 விழுக்காடு எடுத்தவருக்கு முதல் கட்டுரை 54 என்று திரும்பி வரும்போது ஆசிரியர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று தோன்றும். அது அப்படி இல்லை. எதற்கு மதிப்பெண் தருகிறார்கள் என்பதே அங்கே வேறு.

70க்கு மேல் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை 'டூ ஒன்' (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை), 50 முதல் 59 வரை 'டூ டூ' (அதன் கீழ்நிலை), 40 தொட்டால் தேர்ச்சி. 75 வாங்குவது பெரிய விஷயம். 85 எல்லாம் ஆண்டுக்கு ஒருவர் இருவர். பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மதிப்பெண் பட்டத்தின் தரத்தில் சேராது, 40 எடுத்தால் போதும். இதை நம்பி முதலாண்டைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். இரண்டாமாண்டு தொடக்கத்தில் சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடும்போது, முதலாண்டின் ஒவ்வொரு பாட மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கேட்பார்கள். அப்போது காட்ட வேறு மதிப்பெண் இருக்காது.

விண்ணப்பிக்கும் முன்

பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த நாட்டில் வழக்கறிஞராகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்காட்லாந்தின் சட்டமுறை தனி, அங்கே ஹானர்ஸ் எல்எல்பி நான்கு ஆண்டு. 'பிரிட்டன்தானே' என்று எடின்பரோவில் ஸ்காட்டிஷ் சட்டம் படித்துவிட்டு லண்டனில் தொழில் தேடுகிறவர் மறுபடியும் நிறையப் படிக்க வேண்டிவரும். இந்தியா திரும்புவதாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகு வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு போய் மூன்றாண்டுப் பட்டம் வாங்கி வருகிறவர்களிடம், இங்கே அது ஐந்தாண்டுப் படிப்பு என்பதால், பிரிட்ஜ் கோர்ஸ் கேட்கப்பட்டிருக்கிறது. மலேசியாவில் சிஎல்பி என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். சிங்கப்பூர் குறிப்பிட்ட சில பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை மட்டுமே, அதிலும் தர வரம்பு வைத்துத்தான், ஏற்கிறது. இலங்கையில் சட்டக் கல்லூரியின் தேர்வுகளைக் கடக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் இவற்றைச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். அந்தந்த நாட்டு அமைப்புக்கு நேரடியாக எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பு வழியாக, ஐந்து இடங்கள் வரை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் போடலாம்; அதற்குக் கடைசி நாள் அக்டோபர் நடுவில், மற்றவற்றுக்கு ஜனவரியில். 2026 சேர்க்கையிலிருந்து, ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரே கட்டுரையாக இல்லை; மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள். எல்நாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு கேட்கும் இடங்களுக்கு அது ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரே முறைதான் எழுதலாம்: 12 பத்திகளிலிருந்து 42 கேள்விகள் 95 நிமிடத்தில், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்ட அறிவு ஒரு துளியும் தேவையில்லை. ஒருவர் எழுதியிருப்பதில் எது வாதம், எது சொல்லாமல் விட்ட அனுமானம் என்று பிரிக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. அந்தத் திறமைதான் பின்னாளில் தீர்ப்பு வாசிக்கவும் வேண்டும்.

ஒரு தீர்ப்பை வாசிப்பது

முதல் வாரமே ஒவ்வொரு பாடத்துக்கும் வாசிப்புப் பட்டியல் வரும். பாடநூலில் 40 பக்கம், நான்கைந்து தீர்ப்புகள், ஓரிரு ஆய்வுக் கட்டுரைகள். நான்கு பாடங்களுக்கும் முழுதாக வாசிக்க முயன்றால் மூன்றாவது வாரத்தில் மூச்சு முட்டும். முதலில் பாடநூல் அத்தியாயம், பிறகு லெக்சர், அதன்பிறகு டியூட்டோரியல் கேள்வித்தாள், கடைசியில் அந்தக் கேள்வி கேட்கிற தீர்ப்புகள் என்ற வரிசையில் போங்கள். கேள்வி கையில் இல்லாமல் 60 பக்கத் தீர்ப்பைத் திறந்தால் எல்லா வரியும் முக்கியமாகத் தோன்றும்; மார்க்கரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டு எழுந்து போவீர்கள்.

டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் முதல் மாதமே வருவது. 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு கஃபே. தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரைத் திருமதி டொனஹ்யூ குடித்தார். மீதியை ஊற்றியபோது புட்டியிலிருந்து அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் சொன்ன புகார். பணம் கொடுத்தது தோழி என்பதால் இவருக்கு ஒப்பந்தம் கிடையாது. ஆகவே தயாரிப்பாளர் மீது வழக்கு. 1932இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அவர் பக்கம் சாய்ந்தது.

இங்கே பலர் சறுக்குவார்கள். 'நத்தை இருந்தது நிரூபணமாகி இழப்பீடு கிடைத்தது' என்று எழுதுவார்கள். நத்தை நிரூபிக்கப்படவே இல்லை. அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி வழக்கு நிற்குமா என்ற ஒரே கேள்விக்குத்தான் அந்தத் தீர்ப்பு விடை. அடுத்த சறுக்கல்: நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எவரிடமும் கவனமாக இருக்க வேண்டும் என்று நீதிபதி அட்கின் பிரபு சொன்ன 'அயலார்' கோட்பாட்டைத் தீர்ப்பின் ரேஷியோ (பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் காரணம்) என்று எழுதுவது. அட்கினோடு சேர்ந்து பெரும்பான்மையான தாங்கர்ட்டன், மக்மில்லன் இருவரும் தங்கள் தீர்ப்பை அந்த அகலமான வாக்கியத்தின் மேல் கட்டவில்லை. மூவரும் ஒத்துப்போவது இதைவிடக் குறுகலான இடத்தில்: இடையில் யாரும் திறந்து பார்க்க வழியில்லாத வடிவில் பொருளை விற்கும் தயாரிப்பாளர், கடைசியில் அதைப் பயன்படுத்துபவரிடம் கவனக் கடமை உள்ளவர். இந்த இடைவெளியைக் கண்டுகொண்ட மாணவரின் விடை, மனப்பாடமாக அட்கினை எழுதியவரின் விடையிலிருந்து உடனே பிரிந்து தெரியும்.

ஆகவே ஒவ்வொரு தீர்ப்புக்கும் அரைப்பக்கக் குறிப்பு போதும். யார் மேல்முறையீடு செய்தார், எந்த நீதிமன்றம், எந்தக் கட்டத்தில் வந்த வழக்கு, நீதிமன்றத்தின் முன்னிருந்த ஒரே கேள்வி என்ன, எத்தனை நீதிபதிகள் எந்தப் பக்கம், ஒவ்வொருவரின் காரணம் எங்கே பிரிகிறது. மறுப்புத் தீர்ப்பையும் வாசியுங்கள். டொனஹ்யூவில் பக்மாஸ்டர் பிரபு ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்று புரிந்தால்தான் பெரும்பான்மை எவ்வளவு பெரிய அடி எடுத்து வைத்தது என்பது விளங்கும். சட்ட அறிக்கைகளில் மேலே அச்சிட்டிருக்கும் சுருக்கத்தை நீதிபதி எழுதவில்லை, அறிக்கையாசிரியர் எழுதியது. வழி காட்ட அது உதவும். அதை மேற்கோள் காட்டக் கூடாது.

மேற்கோள் குறிப்பில் அடைப்புக்குறி எந்த வகை என்பதும் கணக்கு. [1932] ஏசி 562 (ஏசி என்பது சட்ட அறிக்கைத் தொடரின் சுருக்கப் பெயர்) என்று சதுர அடைப்பு இருந்தால் அந்த ஆண்டு இல்லாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது. வட்ட அடைப்பு என்றால் தொகுதி எண்ணே போதும், ஆண்டு வெறும் தகவல். [2018] யூகேஎஸ்சி 4 போன்றவற்றில் கடைசி எண் பக்க எண் அல்ல, அந்த ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் நான்காவது தீர்ப்பு. அங்கே பக்கத்துக்குப் பதில் பத்தி எண்ணைக் காட்ட வேண்டும். வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற சட்டத் தரவுத்தளங்கள் இரண்டும் பல்கலைக்கழகக் கணக்கில் திறக்கும். வீட்டிலிருந்து பார்க்க பெய்லி தளமும், 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் தீர்ப்புத் தளமும் இலவசம்.

சீனியர்களின் பழைய நோட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கவனக் கடமை என்றாலே 1990ஆம் ஆண்டின் கபாரோ வழக்கின் மூன்று படிச் சோதனையைப் போடச் சொல்லும் நோட்ஸ் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. 2018இல் ராபின்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்திவிட்டது: ஏற்கெனவே நிலைபெற்ற கடமை வகைகளில் அந்தச் சோதனை தேவையில்லை, புதிய வகை வழக்கில் முன்தீர்ப்புகளை ஒப்பிட்டுப் படிப்படியாகப் போக வேண்டும். குற்றவியலில் நேர்மையின்மைக்கு கோஷ் சோதனை எழுதுகிறவர்களுக்கும் இதே கதி. 2017இன் ஐவி வழக்கும் 2020இன் பார்ட்டன் வழக்கும் அதை அப்புறப்படுத்திவிட்டன. ஐரோப்பிய ஒன்றியச் சட்ட நோட்ஸ் பிரெக்சிட்டுக்கு முந்தையது என்றால் தொடவே வேண்டாம்.

பிராப்ளம் கேள்வி: அரை மணி நேரத்தில் ஒளிந்திருக்கும் மதிப்பெண்

பிராப்ளம் கேள்வி என்பது ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்துச் சட்ட ஆலோசனை கேட்பது. ஒப்பந்தச் சட்டத்தில் வழக்கமாக வரும் வகையில் ஒன்றை அமைத்துப் பார்க்கலாம். அலெக்ஸ் தன் பியானோவை 2,000 பவுண்டுக்குத் தருவதாக பெத்துக்குக் கடிதம் எழுதுகிறார், வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் விற்பதில்லை என்றும் சொல்கிறார். புதன்கிழமை பெத் 'இரண்டு தவணையில் கொடுக்கலாமா?' என்று மின்னஞ்சலில் கேட்கிறார். பதில் இல்லை. வியாழன் காலை 9.30க்கு அலெக்ஸ் 'வேறொருவருக்கு விற்றுவிட்டேன்' என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். 10 மணிக்கு பெத், அதைப் பார்க்காமலே, முழு விலைக்கும் சம்மதித்துக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். கடிதம் போய்ச் சேரவே இல்லை. பெத்துக்கு ஆலோசனை சொல்க.

50களில் நிற்கும் விடை இப்படி இருக்கும்: முதல் ஒன்றரைப் பக்கம் ஆஃபர் என்றால் என்ன, விளம்பரத்தையே ஆஃபர் என்று ஏற்ற கார்லில் வழக்கில் என்ன நடந்தது, விளம்பரம் எப்போது ஆஃபர் ஆகும். இந்தக் கேள்வியில் விளம்பரமே இல்லை. அலெக்ஸின் கடிதம் ஆஃபர் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை; அது இரண்டு வரி.

60களில் உள்ள விடை ஒவ்வொரு முடிச்சையும் சரியான வழக்கோடு அவிழ்க்கும். வெள்ளி வரை காத்திருப்பேன் என்ற வாக்குக்குக் கைம்மாறு (கன்சிடரேஷன், அதாவது பதிலுக்கு ஈடாகத் தருவது) எதுவும் தரப்படாததால் அது கட்டுப்படுத்தாது. 1828இன் ரட்லெட்ஜ் எதிர் கிராண்ட். தவணை கேட்டது எதிர் ஆஃபர் என்றால் 1840இன் ஹைட் எதிர் ரெஞ்ச்படி அலெக்ஸின் ஆஃபர் அங்கேயே செத்துவிட்டது; வெறும் விசாரிப்பு என்றால் 1880இன் ஸ்டீவன்சன் ஜேக்ஸ் எதிர் மக்லீன்படி உயிரோடு இருக்கிறது. 'கொடுக்கலாமா?' என்ற வாசகம் விசாரிப்பின் பக்கம் சாய்கிறது. ஆஃபர் கடிதத்தில் வந்ததால் தபாலில் சம்மதம் சொல்வது இயல்பு. 1818இன் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல்படி தபாலில் சேர்த்த கணமே ஒப்பந்தம். கடிதம் தொலைந்தாலும் அப்படித்தான், 1879இன் ஹவுஸ்ஹோல்ட் ஃபயர் எதிர் கிராண்ட். ஆஃபரைத் திரும்பப் பெறுவதோ எதிராளிக்குப் போய்ச் சேர வேண்டும். 1880இன் பர்ன் எதிர் வான் டீன்ஹோவன்.

70க்கு மேல் போகும் விடை கேள்வியின் இதயம் 9.30க்கும் 10க்கும் இடையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். மின்னஞ்சல் பெட்டிக்கு வந்ததே 'சேர்ந்தது' ஆகுமா, பெத் வாசித்தால்தான் ஆகுமா? டெலெக்ஸ் காலத்து பிரிம்னெஸ் வழக்கில், அலுவலக நேரத்தில் வந்த செய்தியைப் பார்க்காமல் விட்டது பெற்றவர் தவறு என்றார்கள். ஆனால் அங்கே பெற்றவர் ஒரு வணிக நிறுவனம். பெத் தனி மனுஷி. வேலை நாள் காலை 9.30க்கு தனிப்பட்ட அஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? மறுபக்கம், முந்தின நாள் மின்னஞ்சலில் கேள்வி கேட்டவரே அவர்தான். பதிலும் அதே வழியில் வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டாமா? இதற்கு ஒரே பொது விதி கிடையாது, தரப்பினரின் எண்ணமும் தொழில் வழக்கமும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 1983இன் பிரிங்கிபான் வழக்கு சொல்லியிருக்கிறது. இரண்டு பக்கமும் எடை போட்டு, எது வலுவானது என்று சொல்லி, மற்றது வென்றால் என்ன ஆகும் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்தால் அது முழு விடை. சரியான தீர்ப்பை ஊகித்ததற்கு மதிப்பெண் இல்லை. உண்மைகளை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்ததற்குத்தான்.

மூன்று மணி நேரத்தில் நான்கு கேள்வி என்றால் ஒன்றுக்கு 45 நிமிடம். அதில் முதல் பத்து நிமிடம் எழுதக் கூடாது. தேதிகளை வரிசையாகக் கோடு போட்டு, எங்கே இரு பக்கமும் வாதம் இருக்கிறதோ அங்கே நட்சத்திரக் குறி போடுங்கள். நட்சத்திரம் விழுந்த இடங்களுக்கே பாதி நேரம். நான்காவது கேள்வியை எழுதாமல் விடுவதுதான் மிகப் பெரிய இழப்பு: மூன்றில் 66 எடுத்து ஒன்றில் பூஜ்யம் என்றால் சராசரி 49.5.

சட்டப் புத்தகத்தை அனுமதிக்கும் தேர்வுகளில் பெரும்பாலும் அதில் ஒரு கிறுக்கல்கூட இருக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் குறிப்பு எழுதிப் படித்த புத்தகத்தைத் தேர்வுக்கு எடுத்துப் போய்ப் பறிகொடுப்பவர்கள் உண்டு. ஒரு சுத்தமான பிரதியைத் தனியே வையுங்கள்.

நம் ஊரில் சட்டம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு

பிஎல் முடித்துவிட்டு மேற்படிப்புக்கோ இரண்டாண்டு எல்எல்பிக்கோ போகிறவர்களுக்கு, வழக்குப் பெயர்கள் பாதி தெரிந்தவையாக இருப்பதே பொறி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் கைம்மாறு யாரிடமிருந்து வந்தாலும் செல்லும். 1882இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு நமக்கு அத்துப்படி. இங்கிலாந்தில் கைம்மாறு வாக்குப் பெற்றவரிடமிருந்தே வர வேண்டும். மூன்றாம் நபருக்கு வழி கிடைத்தது 1999இன் சட்டத்தால், அதுவும் வேறு பாதையில். தபால் சம்மதத்தில் இந்தியச் சட்டத்தின் 4, 5 பிரிவுகளின்படி சம்மதம் சொன்னவர் அது போய்ச் சேருமுன் திரும்பப் பெறலாம். இங்கிலாந்தில் அப்படி ஒரு நிலைத்த விதி இல்லை. தன் வாக்கை நம்பி நடந்தவரிடம் அதிலிருந்து பின்வாங்க விடாத பிராமிசரி எஸ்டாப்பெலை வைத்து இந்தியாவில் வழக்கே போடலாம். அங்கே 1951இன் கூம் எதிர் கூம் வழக்குக்குப் பின் அது கேடயம் மட்டும்தான்.

குற்றவியலில் பிரிவு எண் தேடும் பழக்கத்தை விட வேண்டும். இங்கிலாந்தில் தண்டனைச் சட்டத் தொகுப்பே கிடையாது. திருட்டுக்கு 1968இன் சட்டம் இருக்கிறது. கொலைக்கு எந்தச் சட்டத்திலும் வரையறை இல்லை, அது தீர்ப்புகளில் வளர்ந்த குற்றம். அரசமைப்புச் சட்டத்தில் 'நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டும்' என்று எழுதினால் அடிப்படையே தெரியவில்லை என்று ஆகும். 1998இன் மனித உரிமைகள் சட்டம் 4ஆம் பிரிவில் நீதிமன்றம் 'இணக்கமில்லை' என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகும் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருக்கும்.

டியூட்டோரியலில் பேசாமல் இருப்பது நம்மவர்களின் இன்னொரு வழக்கம். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்திருக்கும்போது ஆசிரியர் தன் கருத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி மறுக்கச் சொல்வார். மறுப்பது மரியாதைக் குறைவு இல்லை. 'அந்த வழக்கின் உண்மைகள் வேறு' என்று ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்கினாலும் போதும். மாதிரி நீதிமன்ற வாதமான மூட்டிங் போட்டியில் முதலாண்டிலேயே சேருங்கள். தொண்டை வறண்டு போகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு பருவ லெக்சர் தராததைத் தரும். சிவில் வழக்கில் இரு பெயர்களுக்கு நடுவில் 'அண்ட்' என்றுதான் வாயால் சொல்ல வேண்டும், 'வெர்சஸ்' அல்ல. நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டால் எழுதி வைத்த பேச்சை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், மதிப்பெண் அங்கேதான்.

அடிக்குறிப்பில் தொடங்கித் தொழில் வரை

பெரும்பாலான சட்டத் துறைகள் ஆஸ்கோலா என்ற சட்ட மேற்கோள் முறையில் அடிக்குறிப்பு கேட்கும்: வழக்குப் பெயர் சாய்வெழுத்தில், சுருக்கங்களில் புள்ளி கிடையாது, ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி. எழுதி முடித்த பிறகு குறிப்பு போடலாம் என்று ஒத்திப்போட்டால், எந்த வாக்கியம் யாருடையது என்பது மறந்துபோகும். கருத்துத் திருட்டில் மாட்டுகிறவர்களில் பலர் திருட நினைத்தவர்கள் இல்லை. நோட்ஸில் பாடநூல் வாக்கியத்தை மேற்கோள் குறியில்லாமல் எடுத்து வைத்தவர்கள். நோட்ஸ் எடுக்கும்போதே பக்க எண்ணோடு எழுதுங்கள். அடிக்குறிப்புச் சொற்கள் வரம்பில் சேருமா என்பது இடத்துக்கு இடம் வேறு, துறைக் கையேட்டில் பாருங்கள்.

பிற பாட மாணவருக்கு இது ஒரு தண்டனையோடு முடியும். சட்ட மாணவருக்கு முடியாது. சொலிசிட்டராகவோ (கட்சிக்காரருக்கு ஆலோசனையும் ஆவண வேலையும் செய்யும் வழக்கறிஞர்) பாரிஸ்டராகவோ (பெரும்பாலும் நீதிமன்றத்தில் வாதாடுபவர்) பதிவு செய்யும்போது நடத்தைத் தகுதி பார்ப்பார்கள். பல்கலைக்கழகம் பதிந்த முறைகேட்டைத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அது இன்னும் பெரிய குற்றம். காசுக்குக் கட்டுரை எழுதித் தருவதை இங்கிலாந்தில் 2022இன் சட்டம் குற்றமாக்கிவிட்டது. ஏஐ கருவிகள் இல்லாத வழக்குகளைப் பெயரும் எண்ணும் சேர்த்துக் கற்பனையாகத் தரும். 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அயின்டே வழக்கில் இதைப் பற்றிக் கடுமையாகச் சொன்னது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் உலகத்திலேயே இல்லாதவை. தொழிலில் இருப்பவர்களுக்கே அந்த நிலை. நீங்கள் கண்ணால் திறந்து பார்க்காத எந்த வழக்கையும் எழுதாதீர்கள்.

உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் ஒரு சாவு என்றால், கெடு முடியுமுன் சிறப்புச் சூழல் விண்ணப்பம் போடுங்கள். முடிவு வந்த பிறகு காரணம் சொன்னால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். 'சமாளித்துவிடலாம்' என்று வாயை மூடிக்கொண்டு போகிற நம் குணம் இந்த ஒரு விஷயத்தில் பெரிய கெடுதல் செய்கிறது.

பணம், வேலை, வீடு

விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 2025 நவம்பர் முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171, ஒன்பது மாதத்துக்கு. முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு பவுண்டு குறைந்தாலும் நிராகரிப்பார்கள். மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, மொத்தமாக முன்பணம். படிப்பு முடிந்த பின் விசா தரும் நான்கு மாதமும் அந்தக் கணக்கில் சேரும்.

பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்க்க முடியாது. சுயதொழில் அறவே கூடாது. சைக்கிளில் உணவு டெலிவரி செய்வது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும் என்பது தெரியாமல் விசாவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் கணக்கில் ஓட்டுவது அதைவிட மோசம். வழக்கறிஞராகப் போகிறவருக்குக் குடிவரவு விதிமீறல் என்பது நடத்தைத் தகுதியிலும் போய் நிற்கும். சட்ட மாணவர் வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் முதலில் சொன்ன அந்த 170 மணியிலிருந்துதான் வெட்டு விழும்.

இரண்டாமாண்டு வீட்டுக்கு நவம்பரிலேயே ஓட்டம் தொடங்கும். அறிமுகமாகி ஆறு வாரம்கூட ஆகாதவர்களோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டு ஒப்பந்தம் என்றால் ஒருவர் வாடகை தராமல் போனால் மற்றவர்கள் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அவர் அறைக்கு மட்டும்தானே என்ற பேச்சு நிற்காது. இங்கிலாந்தில் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, 30 நாளுக்குள் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டி உங்களுக்குத் தகவல் தர வேண்டும். 2026 மே முதல் சாதாரணத் தனியார் வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. ஆறு மாத வாடகையை முன்னாலேயே கட்டி உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத சிக்கலைத் தாண்டி வந்த வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த வழி அடைபடுகிறது. சில பல்கலைக்கழகங்கள் தாமே ஜாமீன் நிற்கும் திட்டம் வைத்திருக்கின்றன. வீடு பார்க்கும் முன் அதை விசாரியுங்கள். குடிபுகும் நாளிலேயே சுவர்ப் பூஞ்சை, மெத்தைக் கறை எல்லாவற்றையும் படம் பிடித்து ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் வரி (உள்ளாட்சி வரி) கிடையாது, ஆனால் அந்த விலக்கு தானாக வராது; மாணவர் சான்றிதழோடு கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். டியூட்டோரியல் இல்லாத நாளிலும் காலையில் குளித்து நூலகம் போகிறவர்கள் குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அறையிலேயே படிக்கிறவர்கள் பிப்ரவரிக்குள் சோர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாமாண்டு அக்டோபர்

பெரிய சட்ட நிறுவனங்கள் இரண்டாண்டு முன்கூட்டியே ஆள் எடுக்கும். இரண்டாமாண்டு அக்டோபர் முதல் ஜனவரிக்குள், விடுமுறைக் காலப் பயிற்சியான வெகேஷன் ஸ்கீமுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாமாண்டில் விழித்துக்கொள்கிறவருக்குப் பாதிக் கதவு மூடியிருக்கும். சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்க்யூஇ என்ற தகுதித் தேர்வு: முதல் பகுதியில் தலா 180 கொள்குறிக் கேள்விகளோடு இரண்டு தாள், இரண்டாம் பகுதியில் 16 செய்முறைப் பணிகள், இரண்டுக்கும் கட்டணம் ஐயாயிரம் பவுண்டை ஒட்டி வரும். அதோடு இரண்டாண்டு பணி அனுபவம், நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம். பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவி மையத்தில் செய்யும் வேலையும், சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்தினால், இதில் சேரும். அதனால் அங்கே சேர்ந்த நாளிலிருந்தே தேதி, செய்த வேலை, மேற்பார்த்தவர் யார் என்று எழுதி வையுங்கள். இரண்டாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதிக் கையெழுத்து கேட்டால் யாரும் போட மாட்டார்கள்.

பாரிஸ்டர் வழி இன்னும் குறுகல். பாரிஸ்டர் சங்கங்களான லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் நான்கில் ஒன்றில் உறுப்பினராகி, பார் கோர்ஸ் முடித்து, பியூப்பிலேஜ் எனும் பன்னிரண்டு மாதத் தொழிற்பயிற்சி பெற வேண்டும். கோர்ஸ் முடித்தவர்களில் பெரும்பகுதியினருக்குப் பியூப்பிலேஜ் கிடைப்பதில்லை. கோர்ஸ் முடித்து ஐந்தாண்டுக்குள் அதைத் தொடங்கவும் வேண்டும். இன்கள் தரும் உதவித்தொகைக்கு முந்தின ஆண்டு இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். உதவித்தொகை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு பார் கோர்ஸுக்குக் கடன் வாங்குவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள்.